விசா வேண்டாத ஊர்

விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலுக்கு வெளியே, புதுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மாமா அழுத காட்சி இன்னும் என்னைவிட்டு அகலவில்லை. அக்காவின் கணவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அந்த ஆபீசர் நல்லா இருப்பானாடா? என் பொயப்புல மண்ணைப் போட்டுட்டானே" என்று திரும்பத் திரும்பப் புலம்பினார்.

கம்பெனியை மூடியபின் வேலையில்லாமல் இருந்தவரிடம் ஓர் ஏஜென்ட் பாங்காக் கால் சென்டரைப் பற்றிச் சொல்லியிருந்தான். "தமிழ்ல பேசினா போதும். விசாவே வோணாம் அண்ணாத்தே. சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு, மீதிய அங்க பாத்துக்கலாம்." திரும்பி வர டிக்கெட், ஓட்டல் பதிவு, இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை எல்லாவற்றையும் அவனே தயார் செய்து அனுப்பினான். கள்ளிக்குப்பம் வீட்டில் அவற்றை ஃபைலில் அடுக்கிக்கொண்டே அக்கா, "வெளிநாடு இவ்ளோ கிட்டவா கீது?" என்று சிரித்தாள்.

குடியேற்ற அதிகாரி, "எந்தெந்த இடம் பாக்கப் போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். மாமாவுக்குப் பொய் வராது. "மேனேஜர் லீவு குடுத்தாதான் சார் தெரியும்" என்றிருக்கிறார். அத்தோடு பயணம் நின்றது. மாமாவுடன் லேத் ஓட்டிய, அதே ஏஜென்ட் மூலம் கிளம்பிய காட்டுப்பாக்கத்து நண்பர் பக்கத்து வரிசையில் முத்திரை வாங்கிக்கொண்டு, கையசைத்தபடி உள்ளே போய்விட்டார். அந்தக் கையசைப்பை நினைத்து நினைத்து மாமா பல நாள் வீட்டில் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அந்த நண்பரிடமிருந்து போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார். குரல் கிசுகிசுத்தது. "இது அந்த ஊரே இல்ல மச்சான். ஏதோ ஆத்தைத் தாண்டி இட்டாந்துட்டானுங்க. பாஸ்போர்ட்டைப் புடுங்கிகினானுங்க. நம்ம ஜனத்துக்கே போன் போட்டு ஏமாத்தச் சொல்றானுங்க. மாட்டேன்னா கரண்டு வெக்கிறானுங்க. எங்கம்மாகிட்ட சொல்லாத."

அழைப்பு அறுந்தது. அக்கா நீட்டிய டம்ளரில் மாமாவின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. டூரிஸ்ட்டாக, ஓட்டல் பதிவோடு, சிரித்துக்கொண்டே ஒரு மனிதன் அப்படியோர் இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்பதை என் மூளை ஏற்க மறுத்தது.

மறுநாளே மாமா நண்பரின் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்தார். பல மாதம் கழித்து, மீட்கப்பட்டவர்களோடு நண்பர் வந்து இறங்கினார். அழைத்துவர நாங்களும் போயிருந்தோம். மெலிந்துபோயிருந்தார்; சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டிருந்தார். பார்க்கிங்குக்குப் போகும் வழியில் மாமா டீ வாங்கிக் கொடுத்தார். ஆவி அடங்கிப் பாலாடை படியும்வரை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இன்னா மச்சான், ஆறிடப் போவுது" என்றார் மாமா.

நண்பர் தலையைக் குனிந்தபடி மெல்லக் கேட்டார்: "நான் குடிக்கலாமா?"