தரையில் வைத்த மைக்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கான எங்கள் இணையக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கேள்விதான். "அக்கா, பதிவுல இரைச்சல் வருது, எந்த மைக் வாங்கலாம்?" இருக்கிற மைக்கை ஒழுங்காக வைக்கத் தெரியாது, அதற்குள் புதுசு வேண்டும்! எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்தின் வடக்கே ஆல்பனியில் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதில்தான் கழிகிறது. ஆளில்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்வதுதான் என் முதல் வைத்தியம். இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெண் அப்படி அனுப்பினாள். நகரத்தின் தெற்கே ஒரு பழைய மரவீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தாள். பாட்டு எழுதிப் பாடுகிறவள். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஃபிரிட்ஜ் இல்லை, ஹீட்டர் இல்லை. ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஏறியது. யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

போனில் கூப்பிட்டுத் திட்டினேன். "ஏம்மா, ஆளில்லாத ரூம்னுதானே சொன்னேன்? யாரு தூங்குறா அங்க?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. நான் கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டனான்."

"மைக்கை எங்க வச்ச?"

"ஸ்டாண்ட் இல்லை. தரையில வைச்சனான்."

"அடக் கடவுளே, தரையில வைப்பாங்களா! தலகாணி மேல வச்சு இன்னொண்ணு அனுப்பு."

அனுப்பினாள். சுத்தமாக இருந்தது, மூச்சே இல்லை. வேறு நாளாயிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அன்று இரண்டு பதிவையும் மறுபடி போட்டுக் கேட்டேன். சத்தம் அறைக்குள் இல்லை, தரைப்பலகை வழியாக வருகிறது.

"கீழ யாரு குடியிருக்கா?"

"கீழ வீடில்லை அக்கா. மண்தான்."

இந்த ஊர் மரவீடுகள் கட்டைகள் மேல் நிற்பவை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழும் அளவுக்கு இடம் இருக்கும். அவள் பேசுவதும் கீழே கேட்குமே என்று அப்போதுதான் உறைத்தது. என் குரலும் தானாகத் தாழ்ந்தது.

"கண்ணு, மைக்கைத் திரும்பத் தரையில வச்சுப் பதிவை ஓட விட்டுட்டு, சத்தம் காட்டாம வெளிய வா. தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போயி போலீஸைக் கூப்பிடு. நான் வந்துட்டே இருக்கேன்."

அந்த நேரத்திலும் பதிவு செய்யச் சொன்னது பாருங்கள், என் புத்தி!

மோட்டர்வேயில் விரட்டிக்கொண்டு போனேன். அதற்குள் போலீஸ் வந்து, வீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பார்த்திருந்தார்கள். ஆள் இல்லை. அவளுடைய கட்டிலுக்கு நேர் கீழே ஒரு மெத்தை, போர்வை, பாதி தின்ற ரொட்டி பாக்கெட்.

அவள் உள்ளே போய் எடுத்து வந்த லேப்டாப்பில், என் காருக்குள் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டோம். அவள் காலடி, கதவு சாத்துகிற சத்தம், பிறகு அமைதி. அப்புறம் கீழிருந்து ஓர் ஆண்குரல் மெதுவாக ஒரு மெட்டை முணுமுணுத்தது. அவள் என் கையை இறுகப் பிடித்தாள். நான் தேற்றினேன்.

"நீ தினமும் பாடிப் பழகுறல்ல, அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் பாடமாயிருக்கும்."

"இது நான் பழகுற பாட்டில்லை அக்கா. இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை, அந்த ஏழு நாளும் நித்திரை வராமல் அழுதழுது நானே கட்டின மெட்டு. ஒருத்தருக்கும் பாடிக் காட்டேல்லை. அதுக்குப் பிறகு நான் அதைப் பாடவே இல்லை."

அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகியிருந்தது.