அண்ணனிடம் கேட்கக்கூடாத கேள்வியும் அறுந்த கியர் கேபிளும்

பத்து வருடம் இருக்கும். ஜெகதாப்பட்டினத்தில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். விசைப்படகில் வேலை பார்த்த அண்ணன் எனக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தந்திருந்தான். தெருவிலேயே முதல் கியர் சைக்கிள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலை கியர் மாற்றும்போது கேபிள் பட்டென்று அறுந்துவிட்டது. அதன் முனையிலிருக்கும் ஈயக் குண்டு கைப்பிடி லிவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சைக்கிள் கடினமான கியரிலேயே நின்றுவிட்டதால், கடற்காற்றை எதிர்த்து மிதிப்பதற்குள் நாக்குத் தள்ளியது. அண்ணனோ கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வந்து எடுத்துத் தாரேன். நீ கிண்டி வைக்காத" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "எப்ப வருவ? சொல்லிட்டுப் போ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கடலுக்குப் போகிறவரிடம் எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்க மாட்டோம்; கேட்டால் போனவர் திரும்பமாட்டார் என்று ஒரு பயம். "வாயக் கழுவுடி!" என்று அம்மா கையை ஓங்கிவிட்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் காலை திரும்ப வேண்டிய படகு திரும்பவில்லை. போனும் கிடைக்கவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. சைக்கிளைச் சரிபண்ணித் தருகிறேன் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "தொடாதீங்க!" என்று எரிந்து விழுந்தேன். வேறு யாராவது அந்தக் குண்டை எடுத்துவிட்டால் அண்ணன் வராமலே போய்விடுவான் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

மூன்றாம் நாள் மதியம், இன்ஜின் பழுதாகிக் கிடந்த அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. வெயிலில் கருத்துப்போய் வந்த அண்ணன், சாப்பிட்ட கையோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தான். லிவரை 'டிக் டிக்' என்று கடைசி வரை தட்டிவிட்டான். ஓரத்து ஓட்டையில் குண்டு தெரிந்தது. கோணூசியால் நெம்பினான், பிரிந்த கம்பியோடு வெளியே விழுந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அட லூசு, ஒரு கேபிளுக்கா இப்புடி அழுகுற?" என்றான்.

அடுத்த முறை கிளம்பும்போது, "என்ன, எப்ப வருவன்னு கேக்கலையா?" என்று வாசலில் நின்று வம்புக்கு இழுத்தான். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது என் கணவர் கடைக்குக் கிளம்பினால்கூட எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை. அதை அவர் என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை என் காது வாசலிலேயே கிடப்பது அவருக்குத் தெரியாது.