கைக்குட்டை அக்காவும் திரும்பி வராத வீல்சேரும்

மெத்தைக்கடைக்காரரின் மனைவிக்குச் சேவை மன்றத்தில் வைத்திருக்கும் பெயர் கைக்குட்டை அக்கா. அவருடைய கைப்பையில் சீப்பு இருக்காது, சில்லறை இருக்காது. மடித்து வைத்த கைக்குட்டைகள் மட்டும் குறையாமல் இருக்கும். அடுத்தவர் கண் கலங்குவதற்குள் அக்காவுக்குப் பொங்கிவிடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கடைசியில் வீட்டுக்காரர்கள்தான் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்புவார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம் மன்றம் ஒப்படைத்திருந்த வேலை, நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் சாமான்களைப் பார்த்துக்கொள்வது. வீல்சேர், வாக்கர், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் எல்லாம் மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் இருக்கும். கொடுப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. வாக்கர் கேட்டு வந்தவருக்குக் கட்டிலையும் கொடுத்து, அதன் மேல் தன் கடை மெத்தை ஒன்றையும் போட்டு அனுப்புவார். சிக்கல் திரும்ப வாங்குவதில்தான். போனில் கேட்கக் கூடாது, நேரில் போய் நலம் விசாரித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம். அக்கா நலம் விசாரிப்பதோடு நின்றுவிடுவார். குணமானவர் வீட்டில் சந்தோஷத்தில் அழுது மறந்துவிடுவார். போய்ச் சேர்ந்தவர் வீட்டில் கேட்கவே வாய் வராது. இப்படியே போய், அறையில் மிஞ்சியது ஒற்றை ஊன்றுகோல்.

மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்குவாரே, அதே குரலில் அன்று காலை கடைக்கு வந்து பேசினார். தையல்கார அம்மா கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சாயங்காலம் வீடு திரும்புகிறார், வீல்சேர் வேண்டும். "இன்னிக்கும் வரலைன்னா அறைச் சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்க்கா."

அக்காவின் வீட்டுச் சாவி மருமகளிடம், கடைச் சாவி கணவரிடம், கல்லாச் சாவி மகனிடம். அக்காவை நம்பி ஒரு கதவை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் அது இந்த மாடிப்படி அறை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் யார் என்று கணவரிடம் கேட்டார். மெத்தை அளந்துகொண்டிருந்த அவர், டேப்பின் அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார்.

வீல்சேர் இருந்தது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில், லிஃப்ட் வைத்த கட்டடத்தின் முதல் மாடியில். இடுப்பு ஆபரேஷனுக்காக வாங்கிப் போனது. சாயங்காலம் அக்கா மணி அடித்ததும் கதவைத் திறந்தது டிரைவரேதான். இரண்டு காலில் நின்றுகொண்டு, கையில் துணிக் கிளிப்புகளோடு. அக்காவைப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுப்பதுபோல் பின்னாலேயே போய் வீல்சேரில் உட்கார்ந்து, திடீரென்று வலிக்கிறது என்றார்.

அக்கா கைக்குட்டையை எடுப்பதற்குள் அவரே உண்மையைக் கக்கிவிட்டார். மருமகள் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு ஒட்டவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, விளக்கை அணைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தினமும் அவரை வீல்சேரில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற தொல்லை இல்லாததால் பேச்சு தானாக வந்தது. அவளுடைய ஆபீஸ் மேனேஜரை இருவரும் சேர்ந்து திட்டினார்கள். அவர் பஸ் ஓட்டிய கதையெல்லாம் அவள் கேட்டாள்.

"நான் நடக்கிறது அவளுக்குத் தெரியாதும்மா. சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அக்கா சத்தியம் செய்தார். ஆபீஸிலிருந்து வந்த மருமகள் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"மாமா நடப்பாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா. நான் கேட்டைத் திறந்தா ஓடிப்போய் உட்கார்றது ஜன்னல்ல தெரியுது. நீங்க காட்டிக்காதீங்க."

அங்கேயும் ஒரு சத்தியம். இரண்டையும் சுமந்துகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோதுதான் வெறுங்கையோடு வந்தது உறைத்தது. பையில் போன் அடித்தது. பல் டாக்டர். அக்கா எடுக்கவில்லை. கட்டுப்போட்ட காலோடு தையல்கார அம்மா ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பதை நினைத்தார். திரும்பப் படியேறி, இருவர் முன்னாலும் போய் நின்றார்.

"சார் நடக்கிறாரும்மா. சார், அது அவளுக்கும் தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணினேன், மன்னிச்சுக்குங்க. எனக்கு வீல்சேர் வேணும்."

கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

டிரைவர் தரையைப் பார்த்தார். மருமகள் மின்விசிறியைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துப் பழக்கமில்லாததால் இருவரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். டிரைவர் எழுந்து இருக்கையைத் துண்டால் துடைத்தார். அக்கா இதைத் தனியாக எப்படித் தள்ளிப் போவார் என்று முணுமுணுத்தபடி மருமகள் செருப்பை மாட்டினாள்.

காலி வீல்சேரை மருமகள் தள்ள, மாமனார் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இருவர் கண்ணும் காலி இருக்கையின் மேல்தான். முனை திரும்பியதும் டிரைவர், அந்த மேனேஜர் இன்றைக்கு என்ன சொன்னான் என்று இருக்கையிடம் கேட்டார். அவளும் இருக்கையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

பின்னால் வந்த அக்கா இப்போது போனை எடுத்தார். வீல்சேர் தெருவில் வந்துகொண்டிருக்கிறது என்றதைப் பல் டாக்டர் உடனே நம்பவில்லை. அழாமல் கேட்டீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும், சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றார். அதுவரை காய்ந்திருந்த கண் அப்போது உடைத்துக்கொண்டது.

தையல்கார அம்மாவின் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. முன்னால் போனவர்கள் மேனேஜரைத் திட்டுகிற மும்முரத்தில் அதைத் தாண்டியே போய்விட்டார்கள். கூப்பிட அக்கா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

தையல்கார அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினார். "அக்கா, அது எனக்கு வர்ற வண்டியா?"

"உங்களுக்குத்தான். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பட்டும், கொஞ்சம் பொறுத்துக்குங்க."