மகன் நெற்றியில் உப்புக் கரித்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு மகன் பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாரும் மூக்கு யார் சாடை, காது யார் சாடை என்று பார்ப்பார்கள். நாங்கள் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் குழந்தையின் நெற்றியை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மூத்தவள் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு நோய், பிறவியிலேயே வருவது. உடம்பில் ஊறும் சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும். சாப்பிட்டது செரிக்காது. வியர்வையில் உப்பு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது சளி, காய்ச்சல், நிமோனியா என்று ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி அலைந்தோம். நன்றாகச் சாப்பிடுவாள், ஆனால் உடம்பு தேறாது. கடைசியில் மதுரையில் ஒரு பெண் டாக்டர் என் மனைவியிடம், "குழந்தைக்கு முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதாம்மா?" என்று கேட்டார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். பிறந்ததிலிருந்தே கரித்துக்கொண்டுதான் இருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு யாருக்குத்தான் கரிக்காது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

டாக்டர் அடுத்து, சொந்தத்தில் கல்யாணம் செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம், என் மனைவி எனக்கு அத்தை மகள். அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் இந்தக் கோளாறு மறைந்திருந்து, இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய் வரும்; சொந்தத்தில் கட்டினால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து என் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். "சொத்து வெளிய போகக் கூடாதுன்னு கட்டி வச்சோம். இதுவும் வெளிய போகலை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டு நாள் முழுக்க மகளைச் சுற்றியே ஓடத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு முதுகு தட்டல். உள்ளங்கையைக் குழித்து முதுகிலும் விலாவிலும் மாறி மாறித் தட்டி, அடைத்த சளியை இளக்கி இருமவைக்க வேண்டும். சாயங்காலமும் அதே. எது சாப்பிட்டாலும், ஒரு முறுக்கே ஆனாலும், அதற்கு முன்னால் செரிமான மாத்திரை போட வேண்டும். வெயில் நாளில் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் பாட்டில் இல்லாமல் தெருவைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். மாஸ்க்கைக் கழுவிக் கொதிக்கவைப்பது மனைவி. மாத்திரை என் பொறுப்பு. முதுகு தட்டுவதில் மட்டும் போட்டி. என் கை கல்லு மாதிரி இருக்கிறது என்று மகள் என்னைச் சேர்க்கமாட்டாள். தாத்தா கைதான் வேண்டும். மாமா பழைய ரூட்டில் பஸ் விடுவதுபோல் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டே தட்டுவார். "சாக்கோட்டை இறங்கு, கொத்தமங்கலம் இறங்கு" என்பார். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் ஒரு இருமல். சளி வந்தால் டிக்கெட் கிழித்தாயிற்று என்று கணக்கு. நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து பயணிகளாக நடிக்க வேண்டும். நான் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன், காலையில் ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்க அனுமதி கிடையாது.

வெளியில் போனால்தான் கஷ்டம். ஒரு காதுகுத்துப் பந்தியில் அவள் இருமியதும் பக்கத்து இலைக்காரர், காச நோயோ என்று முணுமுணுத்துக்கொண்டே இலையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார். நான் எழுந்து அவர் சட்டையைப் பிடிக்காத குறை. இது தொத்து வியாதி இல்லை என்று கத்தினேன். மகள் என் வேட்டியை இழுத்து, "அப்பா, உக்காருங்க, பாயசம் ஊத்துறாக" என்றாள். அவளுக்கு இருக்கும் நிதானம் எனக்கு இல்லை.

இந்த நிலைமையில்தான் என் மனைவி இரண்டாவதாக உண்டானாள். நாங்கள் திட்டமிட்டது இல்லை. வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியுமா என்று சென்னை வரை போய்க் கேட்டோம். அதற்கு முதலில் மூத்தவளின் மரபணுவில் கோளாறு எந்த இடத்தில் என்று பிடிபட வேண்டுமாம். எடுத்த பரிசோதனையில் அது பிடிபடவில்லை. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். "பிறக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு, கொஞ்சம் எடை ஏறினதும் கொண்டு வாங்க. வியர்வைப் பரிசோதனை பண்ணிடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஒரு மாதம் காத்திருக்கும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மகன் பிறந்த மூன்றாம் நாளே கதவைச் சாத்திக்கொண்டு அவன் நெற்றியில் நாக்கை வைத்துப் பார்த்தேன். பால் வாசனைதான். உப்பு இல்லை. கதவைத் திறந்தால் வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். "பேரனைப் பாக்க வந்தேன்" என்று உள்ளே போய் அவரும் கதவைச் சாத்தினார். என் மனைவி இதைவிட மோசம். துணி மாற்றும்போது ஒரு முறை, தூளி ஆட்டும்போது ஒரு முறை. எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை நெற்றி எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. நாளாக நாளாக வீட்டில் ஒரு தெம்பு வந்தது. என் மனைவி வேலை செய்யும்போது ஏதோ பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன்.

சென்னைக்கு டிக்கெட் போட்டாயிற்று. கிளம்ப இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். தூளிக்குள் குனிந்து வழக்கம்போல் மகன் நெற்றியில் உதட்டை வைத்தேன்.

உப்பு. லேசாக இல்லை, நன்றாகக் கரித்தது. நாக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கன்னத்திலும் கரித்தது. மூத்தவளிடம் இருக்கும் அதே உப்பு.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து, "அத்தான், சோறு போடவா?" என்று கேட்டாள். குரல் என்னவோபோல் இருந்தது. பசி இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள் கேட்காதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் மாமா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அவரும் சாப்பிடவில்லை.

மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று பேரும் மற்ற இரண்டு பேரிடமிருந்து அதை மறைத்தோம். அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை மணிக்கொரு தரம் ருசி பார்த்தவர்கள் அதற்குப் பிறகு அந்த நெற்றிப் பக்கமே போகவில்லை. குளிப்பாட்டிய பிறகாவது ஒரு முறை பார்த்திருக்கலாம். யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முத்தம் எல்லாம் உள்ளங்காலுக்குப் போய்விட்டது. மகள்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள். சாயங்காலம் மாமா அவளுக்கு முதுகு தட்டிக்கொண்டிருந்தார். ஊர் பெயர் ஒன்றையும் காணோம். அவள் திரும்பிப் பார்த்து, "தம்பிக்கும் இருக்குன்னுதானே எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

விடியற்காலை பல்லவன் ரயிலில் ஐந்து பேரும் சென்னைக்குப் போனோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. பிள்ளையின் கையில் மருந்து தடவிய இரண்டு பட்டையைக் கட்டி, மிக லேசாக மின்சாரம் கொடுத்து வியர்க்கவைப்பார்கள். பிறகு அந்த வியர்வையைச் சேர்த்து உப்பை அளப்பார்கள். மின்சாரம் எனக்குத் தொழில். கரண்ட் ஓடும் ஒயரைக் கையில் பிடித்தவன் நான். ஆனால் அந்தச் சின்னக் கையில் பட்டையைக் கட்டியபோது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் தம்பியின் பக்கத்தில் நின்று, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்டா. அவ்வளவுதான். அழுகாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அழவே இல்லை. அவன் பாட்டுக்குத் தூங்கினான்.

முடிவு வர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் கூப்பிட்டார். நாங்கள் உட்காரும் முன்பே, "நார்மல். உங்க பையனுக்கு இந்த நோய் இல்லை" என்றார்.

என் வாயிலிருந்து வந்தது நன்றி இல்லை. "இல்ல டாக்டர், கரிச்சுதே" என்றேன். அதே நொடியில் என் மனைவியும், "நானும் பாத்தேன் டாக்டர், கரிச்சுச்சு" என்றாள். பின்னால் நின்ற மாமாவும், "ஆமாங்க" என்றார். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கை நம்புவதா, கருவியை நம்புவதா என்று கேட்டுவிட்டு, அளவு ரொம்பக் கீழே இருக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லை என்று காகிதத்தைக் காட்டினார். எங்களைப்போல் அவனும் பாதிக் கோளாறைச் சுமக்கக்கூடும், ஆனால் நோய் கிடையாது. நாளைக்கு அவனுக்கும் சொந்தத்தில் பெண் பார்த்துவிடாதீர்கள் என்றார். "அந்தக் கதை எங்களோட முடிஞ்சதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மாமா. அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அத்தை சாவுக்கு அடுத்து அன்றுதான்.

வெளியே வந்ததும் என் அக்காவுக்கு மனைவி போன் போட்டாள். அக்காவைக் கொத்தமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பரிசோதனைக்குப் போவது தெரிந்து சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தவள். ஸ்பீக்கரில் அவள் குரல் ஆஸ்பத்திரி வராண்டா முழுக்கக் கேட்டது.

"எனக்குத் தெரியும்த்தா. செவ்வாக்கிழமை நீ கண்ணசந்து கெடந்தப்ப வந்தேன், மாமாவும் வீட்டுல இல்லை. உன்னை எழுப்பலை. ரெண்டு கையிலயும் கல்லுப்ப அள்ளி, மருமகனுக்கு நல்லாச் சுத்தி, நெத்தியிலருந்து தாடை வரைக்கும் வழிச்சு நெட்டி முறிச்சேன். அம்புட்டுக் கண்ணூறும் அன்னைக்கே போச்சு. அதான் ஒன்னும் இல்லைன்னுட்டாக."

மனைவி போனைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டும் கை, அதில் கல்லுப்பு, அதைப் பிள்ளை முகம் முழுக்கத் தடவியிருக்கிறாள் மகராசி. நாலு நாளாக நாங்கள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது அந்த உப்புக்கு. முதலில் மாமாதான் சிரித்தார். பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன மதினி, ஒன்னுமில்ல மதினி, சந்தோசத்துல சிரிக்கிறோம்" என்று மனைவி சமாளித்தாள். உண்மையை இன்றுவரை அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் சுத்திப் போட்டதால்தான் பிள்ளை தப்பித்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

அந்தச் சந்தோஷத்தோடு பக்கத்து ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். பல நாள் கழித்துப் பசித்தது. மகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தோசைக்குக் காத்திருந்தாள். எங்களோடு சிரிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். தன் முன்னாலேயே இப்படிக் கொண்டாடுகிறார்களே, தனக்கு மட்டும் இருக்கிறதே என்று நினைக்கிறாளோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப தம்பிக்கு முதுகு தட்ட வேண்டாமாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் ஆத்தா."

"தாத்தாகூடத் தட்டமாட்டாகளா?"

"மாட்டாக."

அம்மா மடியில் தூங்கும் தம்பியைப் பார்த்தாள். "பாவம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எதுக்குத்தா பாவம் என்று கேட்டேன். அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "காலையில நீங்க, அம்மா, தாத்தா எல்லாரும் என்கூடத்தானே உக்காந்திருக்கீக. அவன்கூட யாரு உக்காருவா?"

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா எழுந்து கை கழுவப் போனார், சாப்பிடத் தொடங்கும் முன்பே.

மகளுக்கு இப்போது பத்து வயது. நோய் அப்படியேதான் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தது. மாஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட்டு அழும் நாளும் உண்டு. அவளைப் பற்றிய பயம் எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அவளைப் பாவம் என்று நினைப்பதை மட்டும் அந்த ஹோட்டல் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.