கருப்பசாமிக்கு ஒரு கேள்வி

சிவஞானத்துக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. டெல்லி ஆர்.கே.புரம் பஸ் நிறுத்தத்துக்குக் காலை எட்டரைக்கு வந்தால், சாலையில் இறங்கி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். வேப்பமரத்தடி டீக்கடைக்குத் திரும்புவார். மறுபடியும் சாலைக்குப் போவார். இதற்கு நடுவில் கேள்வி வந்துவிடும்.

"ஷேர்ஷா எந்தக் கோட்டைய முற்றுகை போட்டப்ப செத்தான்? பஸ் வர்றதுக்குள்ள சொல்லணும்."

தெரியாதவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஏழு வருடமாக இதுதான் சட்டம். பெரும்பாலும் மாட்டிக்கொள்பவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லட்சுமணன். "கேக்குறவனுக்கு எப்பவும் ஓசி டீ. நல்ல சட்டம்யா!" என்று புலம்பிக்கொண்டே சட்டைப்பைக்குள் கையை விடுவார்.

மன்னார்குடிக்காரர் சிவஞானம். சரித்திரத்தில் பி.ஏ. முடித்து, வாத்தியாராகப் போகிறோம் என்று நம்பியிருந்தவர், டெல்லிக்கு வந்து அடுத்தவர்களின் லீவுக் கணக்கை எழுதும் குமாஸ்தா ஆனார். படித்த படிப்பைப் பற்றி யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரி, நாமே கேட்போம் என்று ஆரம்பித்துவிட்டார். கேட்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது ஆள் கருப்பசாமி. அதே ஆபீசின் ரெக்கார்டு ரூமில் பைல்களைத் தைத்துக் கட்டுகிறவர். விருதுநகர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பக்கத்தில் முனிர்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தார். கேள்வியையும் பதிலையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் குடிப்பார். அவரிடம் மட்டும் சிவஞானம் கேட்டதே இல்லை. பாவம், எதற்கு அந்த மனுஷனைத் திணறடிப்பது என்று விட்டிருந்தார். அந்தப் பெரிய மனசைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் பெருமை கூட உண்டு.

எண்பத்திரண்டில், ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த நேரத்தில், கருப்பசாமிக்கு ஒருவழியாக அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஊரின் மறுகோடியில், திமார்பூரில். இனிமேல் அவருக்கு வேறு பஸ், வேறு நிறுத்தம்.

ஒரு நாள் மாலை பஸ்ஸில் லட்சுமணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள்தான் கருப்பசாமி நம்ம ஸ்டாப்புக்கு வருவாரு. ரெக்கார்டு ரூம்ல சொல்லிட்டு அழாத குறையாம். 'ஏழு வருசமா ஓசி டீ குடிச்சிருக்கேன், என்னைய ஒரு கேள்வி கேக்கல'ன்னு."

சிவஞானத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை.

"இருக்கறது ரெண்டு ரூம். அதுல எத்தனை தடவைதான் நடப்பீங்க?" என்றாள் மனைவி இந்திராணி.

"ஒரு கேள்வி வேணும்."

"அச்சா! உங்ககிட்டயா கேள்விக்குப் பஞ்சம்?"

பஞ்சம்தான். சுலபமாகக் கேட்டால் இளக்காரமாகிவிடும். கஷ்டமாகக் கேட்டால், போகிற நாளில் மனுஷனைத் தலைகுனிய வைத்ததாகிவிடும். அசோகரிலிருந்து வைஸ்ராய்கள் வரை ஒருவரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. போட்ட சோறு தட்டிலேயே ஆறியது.

மறுநாள் கருப்பசாமி சலவைச் சட்டையில் வந்திருந்தார். சிவஞானம் இரண்டு தடவை சாலைக்குப் போய் வந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கருப்பசாமி, இன்னிக்கு உங்களுக்குத்தான் கேள்வி. தாஜ்மஹாலக் கட்டினது யாரு?"

கருப்பசாமியின் முகம் கறுத்தது. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "லட்சுமணன் சார்கிட்ட இதக் கேப்பீங்களா சார்?"

சிவஞானத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் புத்தி இப்படியா போகவேண்டும்! தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. இனி யோசிக்க நேரமில்லை.

"மூணாவது பானிபட் சண்டை. மராட்டியப் படைக்குத் தலைமை யாரு? பஸ் வர்றதுக்குள்ள சொல்லணும்!" லட்சுமணனைக் கவிழ்க்க அவர் மாதக்கணக்காகப் பொத்தி வைத்திருந்த கேள்வி அது.

கருப்பசாமி கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நெற்றியைத் தேய்த்தார். பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன சொன்னாலும் சரியென்று தலையாட்டிவிடலாமா என்று சிவஞானத்துக்கு ஒரு கணம் ஆசை வந்தது.

"பாஜிராவ்!"

"தப்பு," என்றார் சிவஞானம். லட்சுமணனிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். "சதாசிவ ராவ் பாவ்."

"அட, விட்டுட்டேனே!" கருப்பசாமி தொடையில் தட்டிக்கொண்டார். வாயெல்லாம் சிரிப்பு. "பையா! தீன் சாய், ஜல்தி!" என்று டீக்கடைக்காரரிடம் மூன்று விரலைக் காட்டினார்.

பழக்க தோஷத்தில் லட்சுமணனின் கை சட்டைப்பைக்குப் போனது. கருப்பசாமி அதைப் பிடித்துக்கொண்டார். "கைய எடுங்க சார். இன்னிக்கு நான் தோத்திருக்கேன்."

பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. சிவஞானம் பெஞ்சில் உட்கார்ந்து, கருப்பசாமி வாங்கித் தந்த டீயைக் குடித்தார்.