ஐந்நூறு கட்டை

என் தங்கை லூசியின் கணவர் ஸ்டானிஸ்லாஸ் போன மாதம் நாகப்பட்டினத்தில் காய்ச்சலில் காலமானார். வயது முப்பத்திரண்டு. ஐந்து வயதில் தாய் தகப்பனோடு மலாயாவின் ஜொகூருக்குக் கப்பலேறி வந்தவர். பெக்கோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்திலேயே வளர்ந்தார். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தார். பிறகு தோட்டத்து லாரிக்கு உதவி ஆளாகப் போய், இருபது வயதில் டிரைவர் ஆனார். இந்தியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான்.

அவர் அதிகம் பேசமாட்டார். லாரியை நிறுத்தியதும் இறங்கிவிடாமல், என்ஜின் அடங்கும் ஓசையைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது கெட்டுப்போகும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

1931இல் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவிப் பால் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆட்களைத் தொகுதி தொகுதியாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். லாரி விலைபோயிற்று. துரையும் தன் காரை விற்றுவிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு புது மோட்டார் சைக்கிள் வரவழைத்தார். டிசம்பர் முதல் வாரம் அது மரப்பெட்டியில் ரயிலேறி பெக்கோக் நிலையத்தில் வந்து இறங்கியது.

துரை தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார். வண்டியைப் பெட்டியிலிருந்து இறக்கிய அன்று ஸ்டானிஸ்லாஸை ஆபீஸ் முன்னால் கூப்பிட்டார். நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்டானி, இந்த என்ஜின் புதுசு. ஐந்நூறு கட்டை மெதுவா ஓட்டிப் பழக்கணும். இருபத்தஞ்சுக்கு மேலே போகக் கூடாது. நான் பினாங்கு போறேன். வர்ற மாசக் கப்பலுக்கு லிஸ்ட், நான் திரும்பி வந்த அன்னைக்குப் போகுது. அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஐந்நூறு இருந்தா, நீ என் வண்டியோட இங்கேயே இருக்கலாம்."

"இல்லேன்னா தொரை?"

"இல்லேன்னா வண்டிக்கு ஆளு வேணாம். ஆளுக்கு வேலை வேணாம்."

எங்கள் ஊரில் மைலைக் கட்டை என்போம். சாலையோரம் நட்டிருக்கும் மைல்கட்டையிலிருந்து வந்த பேச்சு. துரை தன் கையாலேயே வேகம் காட்டும் கடிகாரக் கண்ணாடியில் இருபத்தைந்துக்கு நேராகச் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். லூசிக்கு அப்போது ஏழாவது மாதம்.

புது என்ஜினை ஏன் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று நான் கேட்டேன்.

"உள்ளே சிலிண்டரும் பிஸ்டனும் புதுசு மச்சான். பாக்க வழவழன்னு இருக்கும். ஆனா ரெண்டும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகல. விரட்டினா சூடேறி ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். சக்கரம் அப்படியே நின்னுடும். மேலே இருக்கிறவன் நிக்கமாட்டான்."

கிட்டத்தட்ட எட்டு நாள், காலையில் இருபது கட்டை, மாலையில் இருபது கட்டை. லாபிஸ் சாலையில் போவார், வருவார். ஏற்றத்தில் என்ஜின் திணறும் முன்பே கீழ் கியருக்கு மாற்றுவார். திரும்பி வந்ததும் ஆற விட்டு, உள்ளங்கையைச் சிலிண்டர் பக்கம் காட்டிச் சூடு பார்ப்பார். பழைய எண்ணெயை வடித்து, ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டுவார். மினுமினுவென்று உலோகத் தூள் இருக்கும். ஒவ்வொரு முறையும் அது குறைந்துகொண்டு வந்தது.

சைக்கிளில் போகிற சீனர்கள் இறக்கத்தில் அவரை முந்தினார்கள். பால்மரம் சீவும் பேச்சியம்மாள் வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பாள்.

"ஏந் தம்பி, அது தானா ஓடுதா, இல்ல காலால தள்ளிக்கிட்டு வர்றியா?"

"தானாத்தான் ஓடுது அக்கா."

"அப்ப அதுக்கும் தோட்டத்துல அரை வயித்துச் சோறுதான் போடுறாங்கபோல."

பெக்கோக் கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்த ஜமால் பாய், வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் டீ ஆற்றத் தொடங்குவாராம். "அலமாக்! மூணு தடவை ஆத்தி, குடிச்சும் முடிச்சுட்டேன், இன்னும் பாலத்துக்கிட்டயே வர்றீங்களே லா!" ஸ்டானிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே கடந்து போவார். நின்றால் என்ஜின் ஆறிவிடும், மறுபடி சூடேறும் வரை அந்தக் கட்டைகள் சரியான கட்டைகள் ஆகா என்பது அவர் கணக்கு.

முந்நூற்றுப் பத்தாவது கட்டையில் மழை பிடித்துக்கொண்டது. அது பருவமழை. ஆறு ஏறி, லாபிஸ் சாலையும் ரயில் நிலையச் சாலையும் தண்ணீருக்குள் போயின. தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தாலே முழங்கால் புதைந்தது. மழைநாளில் மரம் சீவ முடியாது. தோட்டமே வேலை இல்லாமல் கிடந்தது. புதன்கிழமை காலை அவர் காலியான லாரிக் கொட்டகையில் வண்டிக்கு எதிரில் ஒரு தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனேன்.

"மாப்ள, இந்தக் கட்டை நம்பரு எப்படி ஏறுது?"

"முன் சக்கரத்துலேர்ந்து ஒரு கம்பி போகுது. சக்கரம் சுத்தினா நம்பரும் சுத்தும்."

"என்ஜின் ஓட வேணாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்" என்றார். பிறகு, "அது பொய்யி மச்சான்" என்றார்.

"லூசிக்கு ரெண்டு மாசத்துல பிரசவம். கப்பல்ல டெக்குல படுத்துக்கிட்டுப் போவாளா?"

நான் என் சைக்கிளைக் கொண்டுவந்தேன். மோட்டார் சைக்கிளின் முன் தாங்கியைப் போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். சைக்கிளை அதற்கு முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் பின் சக்கரத்தை மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தோடு டயருக்கு டயர் அழுத்தமாக ஒட்டவைத்தோம். நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் அழகாகச் சுற்றியது. அரை மணி நேரம் வியர்க்க மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். முந்நூற்று ஆறு.

"குறையுதே!"

"எதிர்ப்பக்கம் சுத்துது. ஒண்ணை ஒண்ணு தொட்டா அப்படித்தான்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "நாலு கட்டை தூரம் உங்கப்பன் வீட்டுக்கே திருப்பி மிதிச்சிட்டீங்க மச்சான்."

அவரே எழுந்து வந்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் கைப்பிடியும் தரையில் படும்படி நிறுத்தினார். இப்போது பெடலைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் மோட்டார் சைக்கிளின் சக்கரமும் முன்னோக்கிச் சுற்றியது. அதற்குப் பிறகு அவர் 'பொய்' என்ற சொல்லை எடுக்கவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள், ஆளுக்கு அரை மணி என்று மாறி மாறிச் சுற்றினோம். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்ததால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எண் ஐந்நூற்று இரண்டைக் காட்டியது. என் வலது தோளைத் தூக்க முடியவில்லை. என்ஜின் அந்த மூன்று நாளும் குளிர்ந்துபோய் இருந்தது.

சனிக்கிழமை மழை விட்டது. தண்ணீர் வடிந்த சாலையில் மத்தியானம் துரை வந்து சேர்ந்தார். ஆபீஸ் முன்னால் துடைத்து நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்து எண்ணைப் பார்த்தார்.

"மழையிலேயா ஓட்டினே?"

ஸ்டானிஸ்லாஸ் கைத்துணியால் சீட்டை இன்னொரு தடவை துடைத்தார். துரை அவர் முதுகில் தட்டினார். கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் இருந்த சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டித் துடைத்தார். கையுறை மாட்டினார்.

"செகாமாட்டுக்கு எவ்வளவு நேரத்தில் போகுது, பார்க்கலாம்."

நான் ஜன்னலோரம் என் மேசையில் இருந்தேன். கப்பல் பட்டியல் என் முன்னால் இருந்தது. அதில் ஸ்டானிஸ்லாஸின் பெயர் இல்லை. துரை வண்டியை உதைத்துக் கிளப்பியதும் என்ஜின் முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அவர் காலைத் தூக்கிப் போட்டு உட்காரப் போகையில் ஸ்டானிஸ்லாஸ் முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"வேணாம் தொரை."

"என்ன?"

"விரட்டக் கூடாது. முந்நூத்திப் பத்துதான் என்ஜின் ஓடுச்சு. மிச்சம் சக்கரம் மட்டும்தான் சுத்துச்சு. கையால."

துரை என்ஜினை அணைத்தார். முற்றத்தில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் சுத்தினது?"

"நாந்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான் தொரை."

துரை கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். எழுந்து வெளியே போக ஆறேழு அடிதான். நான் எழவில்லை.

"மிச்சத்தை ஓட்டி முடி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, துரை படியேறி என் மேசைக்கு வந்தார். பட்டியலில் விரலை வைத்து, கடைசி வரியில் ஸ்டானிஸ்லாஸின் பெயரை எழுதச் சொன்னார். மனைவி பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல நன்றாகவே இருந்தது.

அன்று சாயந்திரம் கொட்டகைக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் புதிதாகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் மச்சான். தொரை மூஞ்சியைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது."

"அப்ப இனிமே எதுக்கு மாப்ள ஓட்டணும்? அந்தாளு விழட்டுமே."

"நீங்க கல்லூரியில படிச்சவரு, பேசுற பேச்சா இது?" என்றார். "அப்புறம், என்ஜின் என்ன பாவம் பண்ணுச்சு?"

நாளைக்கு ஐம்பது கட்டை வீதம் நான்கு நாளில் முடித்தார். அதே வேகம், அதே ஏற்றம், அதே எண்ணெய்ச் சோதனை. கடைசி நாள் வடித்த எண்ணெயில் ஒரு மினுக்கும் இல்லை. துரையிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, "இன்னைக்கு முப்பத்தஞ்சு வரைக்கும் போங்க தொரை. அடுத்த வாரம் அம்பது" என்றார். துரை தலையை ஆட்டினார். பட்டியல் ஏற்கெனவே தபாலில் போயிருந்தது. திருப்பி வாங்க நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஜனவரி இறுதியில் கப்பலேறினார்கள். டெக்கில் இடம். நாகப்பட்டினத்தில் இறங்கிய மூன்றாம் வாரம் லூசிக்குப் பெண் பிறந்தது; டோரிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் முதலில் சைக்கிள் கடையிலும், பிறகு ஒரு பஸ் முதலாளியிடமும் வேலை பார்த்தார். அவர் தமிழைக் கேட்டுவிட்டு அந்த ஊர்க்காரர்கள் 'மலாய்க்காரர்' என்று கூப்பிட்டார்களாம். வருடத்துக்கு இரண்டு கடிதம் எனக்கு எழுதுவார். பஸ் என்ஜின்களைப் பற்றித்தான் எழுதுவார். துரை 1934இல் சீமைக்குத் திரும்பியபோது அந்த மோட்டார் சைக்கிளை விற்றார். வாங்கியவர் இன்னும் என்ஜினைப் பிரிக்கவில்லை என்று கேள்வி.

நான் அதே ஆபீசில்தான் இருக்கிறேன். இப்போது தலைமைக் கிராணி.

இறந்த செய்தி தந்தியில் வந்தது. லூசியின் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. அடக்கம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு பத்தி:

"அண்ணா, நான் அவங்களை எத்தனையோ தடவை கேட்டேன், அந்தச் சக்கரத்தைத் தனியா மூணு நாள் எப்படிங்க சுத்தினீங்கன்னு. கை வலிக்கலியான்னு. சிரிப்பாங்க. அவ்வளவுதான். ஒருத்தர் சுத்துற வேலையா அது? நீங்க அங்கதானே இருந்தீங்க, உங்களுக்காவது தெரியுமா?"

பதில் எழுதி முடித்துவிட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே முதல் வரியில் எழுதியிருக்கிறேன்: அது என் சைக்கிள், யோசனையும் என்னுடையது, பாதி சுற்றியது நான்.