நசீரா சுற்றிய காயில்

இலுப்பூர் கடைவீதியில் தாஜுதீனின் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் தாஜுதீனை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டியெடுத்துவிட்டு, புதுக் கம்பி போட்டு ஓடவைப்பது அவர் தொழில். அந்தப் புதுக் கம்பியைக் காயில்களாகச் சுற்றித் தந்தவள் அவர் மனைவி நசீரா. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. சமையல் முடிந்ததும் மரச்சட்டத்தின் முன் உட்கார்ந்துவிடுவாள். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல், இழுவை கூடாமல் குறையாமல் அவள் கை ஓடும்.

"ஒன் காயிலு சொன்ன எடத்துல போயி ஒக்காருது" என்பார் தாஜுதீன்.

1959 கோடையில் பெரியகருப்பனின் மோட்டார் எரிந்து கடைக்கு வந்தது. ஊருக்குத் தெற்கே அவருக்குக் கிணறும் கடலைக் கொல்லையும் இருந்தன. மாடு கட்டி நீர் இறைக்கும் கமலையை விட்டுவிட்டு கரண்டு மோட்டாருக்கு மாறியவர்களில் அவரும் ஒருவர். பூப்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுபோனதால் மாட்டுவண்டியைக் கடை வாசலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தார்.

"செடி தலையத் தொங்கப் போட்ருச்சு பாய். சீக்கிரம் பாருங்க."

நசீரா கடைசிக் காயிலைச் சட்டத்திலிருந்து கழற்றும்போது அது கைநழுவி, சட்டத்தின் ஆணியில் உரசியது. கம்பியைச் சுற்றியிருந்த நூலுறை ஓரிடத்தில் கிழிந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு சுற்றியிருக்க வேண்டும். ஆனால் கம்பி தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கத் திருச்சிக்குப் போக வேண்டும். வாசலில் பெரியகருப்பன் இருமுவது கேட்டது. நசீரா அந்த இடத்தில் நாடாவைச் சுற்றி வார்னிஷ் தடவி, மற்ற காயில்களோடு சேர்த்துக் கொடுத்தாள். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கட்டி முடித்த மோட்டாரை தாஜுதீன் பல்பு வைத்துச் சோதித்தார். கம்பியிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்டு கசிந்தால் பல்பு எரியும். அது எரியவில்லை. நசீரா மூச்சு விட்டாள்.

மோட்டார் கிணற்றுக்குள், பாதி ஆழத்தில் இருந்த கல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. கடலை பிழைத்தது. ஆவணியில் மழை இறங்கி, கிணற்றுச் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்த ஒரு காலையில், பெரியகருப்பன் வெறுங்காலோடு திட்டில் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தொட்டார். கரண்டு அவரைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்தது. தண்ணீரில் விழுந்ததால் உயிர் தப்பியது. போகிற போக்கில் பாறையில் மோதி இடுப்பெலும்பு முறிந்தது.

சேதி கேட்டு ஓடிய தாஜுதீன் முகம் செத்துத் திரும்பி வந்தார்.

"எர்த்து வயரு துருப்புடிச்சு அந்து கெடக்கு நசீரா. மோட்டார மாட்டுனப்ப நான் இழுத்துப் பாக்கல. அது சரியா இருந்திருந்தா கசிஞ்ச கரண்டு மண்ணுக்குள்ள எறங்கி ஃபியூசு போயிருக்கும், அந்த மனுசன் தப்பிச்சிருப்பாரு."

அதைக் கேட்டதும் நசீராவுக்கு நெஞ்சு லேசானது. தப்பு தன்னுடையது இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

மோட்டாரைக் கொண்டுவந்து பிரித்தபோது, கருப்புத் தட்டியிருந்த இடத்தை தாஜுதீனுக்கு முன்னால் அவள்தான் பார்த்தாள். நாடா சுற்றிய அதே இடம். "ஈரம் எறங்கியிருக்கு" என்று தாஜுதீன் முணுமுணுத்தார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கடையைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். இந்தத் தொழிலே வேண்டாம், கட்டுமாவடியில் மச்சினனோடு மீன் ஏவாரம் பார்க்கிறேன் என்று ஒருநாள் சொன்னபோதுதான் நசீராவால் தாங்க முடியாமல் போயிற்று.

"மச்சான், அந்தக் காயிலு உரசிப் போச்சு. நாடா போட்டு மறைச்சு நாந்தான் குடுத்தேன்."

தாஜுதீன் அளைந்துகொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார்.

"பல்பு எரியலையே?"

"எரியல. அதான் சொல்லாம விட்டுட்டேன்."

"எரிஞ்சிருந்தா சொல்லிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்றாள். அது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருவரும் பெரியகருப்பன் வீட்டுக்குப் போனார்கள். அவர் கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்தார். நடந்ததை நசீரா சொல்ல, அவர் மனைவி ராக்காயி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"தெரிஞ்சேவா குடுத்த?"

"தெரிஞ்சுதாங்க்கா."

"நீ கெணத்துல எறங்குறவளா இருந்தா குடுத்திருப்பியா?"

ராக்காயி உள்ளே போய்விட்டாள். பெரியகருப்பன்தான் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நடந்தது நடந்துபோச்சு. மோட்டார நல்லா கட்டிக் குடுங்க. கடலைக்குப் பின்னாடி போட்ட பருத்திக்குத் தண்ணி வேணும்."

நசீரா எல்லாக் காயில்களையும் புதிதாகச் சுற்றினாள். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே தந்தாள். தாஜுதீன் கிணற்று மேட்டில் குழிவெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த்து இறக்கினார். மோட்டார் ஓடத் தொடங்கியதும், அவர் தடுக்கத் தடுக்க, நசீரா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினாள். ஈரத் திட்டில் நின்று மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதன் அதிர்வு தோள் வரை ஏறியது. வேறொன்றும் இல்லை. மேலே கிணற்று விளிம்பில் ராக்காயி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நசீரா ஏறி வருவதற்குள் போய்விட்டாள்.

கடை மறுபடி நடந்தது. எர்த்தை இழுத்துப் பார்க்காமல் தாஜுதீன் எந்த மோட்டாரையும் ஓடவிட்டதில்லை. சந்தேகம் வந்த காயிலை நசீரா அவர் கண்ணெதிரே வெட்டிப் போட்டாள். பெரியகருப்பன் எழுந்து நடந்தார், ஆனால் கம்பை ஊன்றித்தான். கிணற்றில் இறங்கும் வேலை ராக்காயிக்குப் போனது. சந்தை நாளில் எதிர்ப்பட்டால் அவள் "நல்லாருக்கியா?" என்று கேட்பாள், நிற்க மாட்டாள். நசீரா பதில் சொல்வதற்குள் நாலு கடை தள்ளிப் போயிருப்பாள்.